கால் வைஸுக்கு ஒரு திருகு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், டயர் கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவே ராயப்பனின் தச்சுப் பட்டறை இருந்தது. மூன்று பக்கம் சுவர், மேலே தகரம், முன்னால் ஒரு ஷட்டர். கதவு, ஜன்னல், அலமாரி என்று எது கேட்டாலும் செய்து கொடுப்பான். வயது நாற்பத்து மூன்று. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற சுபாவம். பலகையை மூன்று தடவை அளந்து கோடு போட்ட பிறகும் ரம்பத்தை வைக்குமுன் நான்காவது தடவை அளப்பான். ஷட்டரைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவன், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவான். "உங்க பயத்துக்குன்னு நான் தனியா ஒரு தட்டு சோறு போடணும்போல" என்பாள் அவன் மனைவி பிரபாவதி. அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். நாற்பது குழந்தைகளை மேய்த்துப் பழகியதாலோ என்னவோ, அவளுக்கு எதிலும் அவ்வளவு சீக்கிரம் பதற்றம் வராது.

மாசி மாதத்தில் ஒருநாள் பைபாஸில் முன்னால் போன மல்லாட்டை மூட்டை லோடு டெம்போ திடீரென்று நின்றது. ராயப்பன் வண்டியோடு அதன் மேல் மோதி விழுந்தான். இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, பிடிதான் திரும்பவில்லை. ஒரு செம்புத் தண்ணீரைத் தூக்க முடிந்தது. ஒரு பலகையை அசையாமல் பிடிக்க முடியவில்லை. இழைப்புளியை வலது கை தள்ளும்போது பலகையை அழுத்திப் பிடிக்க வேண்டிய இடது கை நழுவிவிடும். அதுவரை அந்தக் கைதான் அவனுக்கு மரத்தைக் கவ்விப் பிடிக்கிற வைஸாக இருந்தது என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

கையில் ஒரு பெரிய வேலை இருந்தது. கோட்டக்குப்பத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்குப் பதினாறு ஜன்னல் கதவுகள். வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். தை பிறந்ததும் ஊருக்கு வந்து குடி போவதாகத் திட்டம். வாரத்துக்கு ஒரு தடவை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "இன்னா பாய், எத்தினி ஆச்சு?" என்பார். எல்லோரையும் அவர் பாய் என்றுதான் கூப்பிடுவார். ராயப்பன், "ஆய்க்கினு இருக்குங்க" என்பான். ஒன்றுகூட ஆகியிருக்காது.

பிரபாவதிதான் பிடித்தாள். காலையில் ஆறரைக்கு அவனோடு பட்டறைக்கு வந்து, எட்டரை மணிவரை பலகையின் மறுமுனையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நிற்பாள். அப்புறம் தலைமுடியில் விழுந்த மரச்சுருளைத் தட்டிவிட்டு அங்கன்வாடிக்குப் போவாள். ஒரு காலையில் பலகை நழுவி, மேசைக்கும் அதற்கும் நடுவே அவள் விரல் மாட்டிக்கொண்டது. நகம் அப்படியே கறுத்துப்போனது. அவள் கையை உதறிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, இழைங்க" என்றாள். ராயப்பன் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டான். அன்றைக்கு அதற்கு மேல் அவனால் அதைத் தொட முடியவில்லை.

வைஸ் வாங்கலாம் என்று விழுப்புரம் கடைத்தெருவில் இரண்டு நாள் அலைந்தான். மேசை விளிம்பில் முடுக்குகிற இரும்பு வைஸ்தான் எல்லாக் கடையிலும் இருந்தது. சின்னது பலகையின் ஓரத்தை மட்டும் கவ்வும். நாலடி ஜன்னல் சட்டத்தை நிறுத்தினால் தலையாட்டும். பெரியது இருந்த கடையில் அதன் இரும்புத் தாடையை விரலால் தடவிப் பார்த்தான். தேக்கில் பல் பதிந்துவிடும் என்று தோன்றியது. கட்டை வைத்துப் பிடிக்கலாம் என்றார் கடைக்காரர். அந்தக் கட்டையைப் பிடிக்கவும் ஒரு கை வேண்டுமே என்று ராயப்பன் நினைத்துக்கொண்டான்.

வாலிபத்தில் ஆறு வருஷம் கோட்டக்குப்பத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரரின் பட்டறையில் அவன் வேலை செய்திருந்தான். அங்கே ஒரு மேசையில் கால் வைஸ் இருந்தது. மேசையின் முன்னங்காலை ஒட்டி, தரையிலிருந்து மேல்விளிம்பு வரை ஒரு தடித்த பலகை நிற்கும். அதுதான் தாடை. தாடையையும் காலையும் ஊடுருவிக்கொண்டு ஒரு பெரிய திருகு. கைப்பிடியைச் சுற்றினால் தாடை காலை நோக்கி நெருங்கி, நடுவில் வைத்த மரத்தைக் கவ்விக்கொள்ளும். கீழே, கணுக்கால் உயரத்தில், வரிசையாகத் துளை போட்ட ஒரு பட்டை உண்டு. பிடிக்கிற மரத்தின் தடிமனுக்கு ஏற்ற துளையில் ஒரு முளையைச் செருகிவிட்டால் தாடை மேலும் கீழும் சமமாக நிற்கும். முளையைக் குனிந்து செருக வேண்டும். மற்றதெல்லாம் ஒற்றைக் கையில் நடக்கும்.

மரமெல்லாம் அவனே செய்துவிடுவான். திருகு வேண்டும். பக்கத்துத் தெருவில் லேத் பட்டறை வைத்திருந்த கோபியிடம் கேட்டான்.

"சதுர மரை வெட்டற டூலு எங்கிட்ட இல்லண்ணே. உள்மரை இன்னும் பேஜாரு. ரெடிமேடா எங்கனா கெடைச்சா எடுத்தாந்துடு. நீளத்த நான் அறுத்துத் தரேன்" என்றான் கோபி.

புரட்டாசி முதல் வாரத்தில், விழுப்புரத்தில் ஒரு பழைய இரும்புக்கடையில் அது கிடைத்தது. உடைந்த சைக்கிள்களுக்கும் போர்வெல் பைப்புகளுக்கும் அடியில் ஆறடி நீளத்தில் ஒரு கம்பி கிடந்தது. கட்டைவிரலை விடக் கனம். மேல்பாதி முழுக்க அழகான சதுர மரை. கூடவே, நான்கு துளை போட்ட தட்டோடு சேர்ந்த கனமான நட்டு. அந்தத் தட்டை மேசைக்காலின் பின்புறம் போல்ட் போட்டு முடுக்கினால் போதும்; கால் வைஸுக்கென்றே வார்த்தது மாதிரி இருந்தது. ராயப்பனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சந்தோஷம்தான், ஆனால் அவனுக்குச் சந்தோஷமும் பயம் மாதிரியே வரும்.

"இது எதுல இருந்துதுங்க?"

"லோடுல வந்துது. ஏதோ பழைய மிஷினு" என்றார் கடைக்காரர், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பில்லு தருவீங்களா?"

"பழைய இரும்புக்கு இன்னா பில்லு?"

அந்தப் பதில் பஸ்ஸில் வரும்போதெல்லாம் அவனை உறுத்தியது. கோணியில் சுற்றிய கம்பியைக் காலடியில் போட்டுக்கொண்டு, எந்த மிஷினில் இவ்வளவு நீளத் திருகு இருக்கும் என்று யோசித்தான். எண்ணெய்ச் செக்கா? பைண்டிங் பிரஸ்ஸா? திண்டிவனம் வருவதற்குள் யோசனையை விட்டுவிட்டான். விட வேண்டும் போலிருந்தது.

கோபி மேல்பக்கம் இரண்டடியை அறுத்துக் கொடுத்தான். மிச்சம் நாலடி அவன் பட்டறை மூலையிலேயே கிடந்தது. ராயப்பன் நட்டுத் தட்டிலிருந்த பச்சைப் பெயிண்டைச் சுரண்டியபோது அடியில் எஸ் என்ற இங்கிலீஷ் எழுத்தும் இரண்டு என்ற எண்ணும் குத்தியிருந்தன. மிஷின் நம்பர் என்று எடுத்துக்கொண்டான்.

தாடைக்குப் பூவரசுப் பலகை, இரண்டரை அங்குலத் தடிமன். அதை இழைத்ததிலும், பட்டைக்குத் துளை போட்டதிலும் கஷ்டமில்லை. மேசைக்காலில் ஓட்டை போடுவதுதான் அவனைப் பிடித்து ஆட்டியது. கால் நாலங்குல வேங்கை மரம். மேசையின் முழுப் பாரமும் அதில் நிற்கிறது. திருகு நுழைகிற அகலத்துக்கு ஒரே ஓட்டை. அது ஒரு நூல் சாய்ந்தாலும் தாடை கோணிக்கொள்ளும். நடுவில் வெடித்தால் காலையே மாற்ற வேண்டும். டிரில்லிங் மெஷின் மரத்தில் சிக்கி உதறினால் பிளேட் வைத்த மணிக்கட்டு என்ன ஆகும் என்பதையும் அவன் நினைத்துப் பார்த்தான். நினைத்து நினைத்து நான்கு நாள் தள்ளிப்போட்டான்.

"கோடு போட்டு நாலு நாளாச்சு. அந்தப் புள்ளி அழிஞ்சே போயிடும்" என்றாள் பிரபாவதி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு நேராகப் பட்டறைக்கு வந்திருந்தார்கள். அவள் புடவையைச் செருகிக்கொண்டு மூலைமட்டத்தைக் காலோடு சேர்த்துப் பிடித்தாள். "நான் பாத்து சொல்றேன். நீங்க போடுங்க."

அவன் மெஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுத்தினான்.

"மேல போவுது. கொஞ்சம் எறக்குங்க. எறக்குங்க. ஆங், அப்படியே."

முன்னாலிருந்து பாதி; பிறகு பின்னாலிருந்து பாதி. மரம் பிய்ந்துகொள்ளாமல் இருக்க அப்படித்தான் போட வேண்டும். இரண்டு ஓட்டையும் உள்ளே சந்திக்குமா என்று அவனுக்கு முதுகு வியர்த்தது. சந்தித்தது. அரை நூல் விலகியிருந்ததை அரத்தால் ராவிச் சரிசெய்தான். நட்டுத் தட்டை முடுக்கி, திருகை நுழைத்து, ஒரு தேக்குப் பலகையை நடுவில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினான். தாடை கவ்வியது. பலகையைப் பிடித்து இழுத்தான், அசையவில்லை. பிரபாவதி இடுப்பால் ஒரு இடி இடித்தாள். மேசைதான் நகர்ந்தது.

"இனிமே என்னைத் தேட மாட்டீங்க" என்றாள்.

இருபது நாளில் ஒன்பது ஜன்னல் கதவுகள் முடிந்தன. இடது கை பலகைமேல் சும்மா கிடந்தது. துபாய்க்காரர் கூப்பிட்டபோது முதல்முறையாக அவன் எண்ணிக்கையைச் சொன்னான்.

ஐப்பசி பாதியில் மழை பிடித்தது. ஒலக்கூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்க்கைப்பட்ட அவன் அக்கா பூமாலை ஒரு மத்தியானம் போன் செய்தாள். ஏரிக்குக் கீழே அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து நெல் நட்டிருந்தாள்.

"தம்பி, எங்க ஊரு கதைய கேட்டியா? ஏரி ரொம்புதுன்னு மதகை மூடப் போனா, திருகக் காணோமாம். கோடையில எவனோ கழட்டிக்கினு போயிருக்கான். ஷட்டரு தரையில இருந்து ஒரு சாண் தூக்கி நிக்குது. எறக்க முடியல. தண்ணி அது பாட்டுக்கு ஓடிக்கினே இருக்குது."

ராயப்பன் மேசைமேல் கை வைத்தான். "எந்த மதகு?"

"ரெண்டாவுது மதகு. எங்க நிலத்துக்குப் பாயறது. ஏன்டா?"

"சும்மாதான் கேட்டேன்."

போனை வைத்துவிட்டு மேசைக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தான். எஸ். இரண்டு. ஸ்லூஸ் இரண்டு, இரண்டாவது மதகு. ஏரி மதகுத் திருகை அவன் சின்ன வயதில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். அதன் மேல் ஏறிக் குதித்திருக்கிறான். கடையில் கிடந்தபோது எப்படித் தெரியாமல் போனது? தெரியாமல்தான் போனதா, தெரிய வேண்டாம் என்று இருந்துவிட்டானா?

ராத்திரி வீட்டில் பிரபாவதியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் சொன்னாள்: "நீங்க திருடல. காசு குடுத்து வாங்கினீங்க. பில்லு இல்ல. போய் சொன்னா யாரு நம்புவாங்க? காலனிக்காரி தம்பிதான் எடுத்தான், அக்காதான் வழி காட்டுனான்னு சொல்ல எத்தினி நேரமாவும்? அக்கா அந்த ஊர்ல இருக்க வேணாமா?"

அவன் பயந்ததும் அதற்குத்தான். இரண்டு நாள் பட்டறையைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தான். தகரத்தில் மழை கொட்டும்போதெல்லாம் இவ்வளவு தண்ணீரும் அந்த ஒரு சாண் சந்து வழியாகப் போகிறதே என்று எழுந்துபோய் வானத்தைப் பார்த்தான். பேசாமல் பழைய திருகை ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரையில் போட்டுவிட்டு வந்தால் என்ன? அறுத்த திருகு யாருக்கு உதவும்? போலீஸ் ஜீப் சாலையில் போனால் எழுந்து நின்றுகொள்வான். அது கடந்து போனதும் உட்காருவான்.

மூன்றாம் நாள் காலை பூமாலை மறுபடியும் கூப்பிட்டாள்.

"மதகுல மணல் மூட்டை அடுக்கறாங்கடா. நிக்க மாட்டேங்குது. நேத்து நம்ம தெருப் பசங்க ரெண்டு பேரைக் கூப்ட்டு வெச்சி விசாரிச்சிருக்காங்க. இரும்பு பொறுக்கறவனுங்க நீங்கதானடான்னு. எதுத்த வூட்டுப் பையன் சேரன் இருக்கான்ல, காலேஜ் படிக்கறவன், அவனையும் சேத்து. அவங்கம்மா அழுதுகினு இருக்குது."

ராயப்பன் போனை மேசைமேல் வைத்தான். பிறகு ஸ்பானரை எடுத்து நட்டுத் தட்டின் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தான். கடைசிப் போல்ட் இறுகியிருந்தது. இடது கையையும் கொடுத்து முறுக்கியதில் மணிக்கட்டில் மின்னல் மாதிரி வலித்தது. கழன்றது.

கோபியின் பட்டறை மூலையில் அந்த நாலடி மிச்சம் இல்லை. ராயப்பன் அங்கே கிடந்த தகடுகளைப் புரட்ட ஆரம்பித்தான். "இருண்ணே, இருண்ணே" என்று கோபி லேத்துக்கு அடியில் தவழ்ந்து, இரும்புத் தூளுக்குள்ளிருந்து அதை இழுத்து எடுத்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகமும் வெளுத்துவிட்டது. அறுத்தவன் அவன்தானே.

"ஒட்ட முடியுமா கோபி?"

"மேல ஒரு வளையம் போட்டு வெல்டு வைக்கலாம். ஆனா ஒட்டு நட்டுல இடிக்கக் கூடாது. அங்க போய் அளவு பாத்துகினு வந்து சொல்லு."

அடிபட்ட பிறகு ராயப்பன் வண்டி ஓட்டுவதில்லை. யார் கூட்டிக்கொண்டு போவது என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பிரபாவதியின் ஸ்கூட்டி பட்டறை முன்னால் வந்து நின்றது. போகாதே என்று மூன்று நாளாகச் சொன்னவள் அவள். "அங்கன்வாடிக்கு லீவு சொல்லிட்டேன். ஏறுங்க" என்றாள். இரண்டு துண்டு இரும்பையும் கோணியில் கட்டி மடியில் அணைத்துக்கொண்டு அவன் பின்னால் உட்கார்ந்தான்.

ஏரிக்கரையில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். நடுவே குடையோடு கோதண்டபாணி. ஏரிப் பாசனக்காரர்களுக்குத் தலைவர். மதகுக்குக் கீழே எட்டு ஏக்கர் சொந்த நிலம். அக்கா அவரை ஐயா என்பாள். ராயப்பனுக்கு அந்தச் சொல் வரவில்லை.

"சார்" என்று கூப்பிட்டு, கோணியை அவிழ்த்துக் கரையில் வைத்தான்.

கோதண்டபாணி குனிந்து நட்டுத் தட்டை எடுத்தார். மதகுக் கல்மேல் நீட்டிக்கொண்டிருந்த நான்கு போல்ட்டுகளில் அதை வைத்தார். உட்கார்ந்துகொண்டது.

"யாரு அறுத்தது?"

"நான்தான் சார். விழுப்புரத்துல பழைய இரும்புக்கடையில வாங்கினேன். வைஸுக்கு. இது மதகுதுன்னு தெரியாது. மூணு நாளு முன்னாலதான் தெரிஞ்சிது."

"மூணு நாளா இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"பயந்துகினு இருந்தேன் சார்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கோதண்டபாணி சிரிக்கவில்லை. "நீ யாரு?"

சொல்லாமல் இருக்க வழியில்லை. "பூமாலை தம்பி. திண்டிவனத்துல தச்சு வேலை."

"அதானே பாத்தேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ராயப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. இதைக் கேட்டுவிடக் கூடாது என்றுதானே மூன்று நாள் உட்கார்ந்திருந்தான்.

பிரபாவதி முன்னால் வந்தாள். "திருடறவரா இருந்தா கோணியில கட்டி எடுத்தாந்து குடுப்பாருங்களா? எந்தக் கடைன்னு காட்டுவாரு. மொதல்ல தண்ணிய நிறுத்துங்க. லேத்துக்காரர் ஒட்டித் தரேன்னு சொல்லிட்டாரு. அளவு எடுத்தா போதும்."

கோதண்டபாணி அவளைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "சரி. ஜல்தி போய்ட்டு வாம்மா. எங்காளு ஒருத்தன் பைக்குல கூட வருவான். இவரு இங்கயே இருக்கட்டும்."

ராயப்பன் கயிறு போட்டு அளவெடுத்துக் கொடுத்தான். ஷட்டரை முக்கால் வரை தூக்கினாலும் ஒட்டுப் போட்ட இடம் நட்டுக்கு இரண்டு விரல் கீழேயே நின்றுவிடும் என்று கணக்கு வந்தது. கயிற்றில் முடிச்சுப் போட்டுவிட்டு இன்னொரு தடவை அளந்தான். அப்புறம் கரைமேல் ஒரு கல்லில் உட்கார்ந்தான். யாரும் அவனைப் பிடித்து வைக்கவில்லை. ஆனால் எழுந்து நான்கு அடி நடந்தால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பூமாலைக்குச் செய்தி போய், வயலிலிருந்து சேற்றுக்காலோடு ஓடிவந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீயும் மாட்டிப்பன்னு..."

"இப்ப மட்டும் மாட்டலையா? ஊரு பூரா கேட்டப்புறம் நான் கேட்டுக்கினு வரேன்." எழுந்து போய்விட்டாள். வெயில் இல்லாத மத்தியானம் மெதுவாக நகர்ந்தது. ஒட்டு வைக்கும்போது கம்பி வளைந்துவிட்டால்? வெல்டு விட்டுப்போய்த் திருகும்போதே முறிந்தால்? முறிந்தால் இன்றைக்கு இங்கிருந்து வீட்டுக்குப் போக முடியுமா?

நான்கு மணிக்குக் கோபியே கம்பியோடு வந்து இறங்கினான். வெல்டு இன்னும் முழுசாக ஆறவில்லை. இரண்டு பேர் தண்ணீருக்குள் இறங்கி ஷட்டரில் மாட்டினார்கள். கரையில் கடப்பாரையைத் திருகின் தலையில் கோத்து ஆறு பேர் சுற்றினார்கள். அசையவில்லை. மறுபடியும் சுற்றினார்கள். ராயப்பன் ஒட்டுப் போட்ட இடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உள்ளே துரு முனகுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மரை ஒரு சுற்று இறங்கியது. அப்புறம் இன்னொன்று. அடுத்த கால்மணி நேரத்தில் மதகின் இரைச்சல் குறைந்து குறைந்து, வாய்க்காலில் தவளைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

யாரும் நன்றி சொல்லவில்லை. கோதண்டபாணி குடையை மடக்கிக்கொண்டு, "முழுசாத் தூக்கக் கூடாதுன்ற. ஆபீசர்கிட்ட சொல்லிப் புதுசுதான் கேக்கணும்" என்றார். போகும்போது திரும்பி, "நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா. வந்து கடையைக் காட்டு. அந்தப் பசங்களை இனிமே யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார்.

மறுநாள் ராயப்பன் ஸ்டேஷனில் காலையிலிருந்து சாயந்திரம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எழுதி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு போலீஸ்காரர்களோடு விழுப்புரம் போய்க் கடையைக் காட்டினான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்து, இந்த ஆளைப் பார்த்ததே இல்லை என்றார். கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கப்புறம் கூப்பிடவில்லை. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் மட்டும் அவன் உளி பாதியில் நின்றுவிடும்.

மேசைக்காலில் ஓட்டை வாய் திறந்துகொண்டு நின்றது. பிரபாவதி மறுபடியும் காலை ஆறரைக்கு வந்து பலகையைப் பிடித்தாள். கோபிக்கு மனசு கேட்கவில்லை. சென்னையில் ஒரு தெரிந்தவரிடம் சதுர மரை வெட்டுகிற டூலை வாங்கிவந்து, இரண்டு கம்பியை வீணாக்கி, மூன்றாவதில் ஒரு திருகை வெட்டி முடித்தான். பழையதைவிட அது மெலிசு. ஓட்டையில் லொடலொடவென்று ஆடியது. ராயப்பன் வேங்கையிலேயே ஒரு குழல் கடைந்து ஓட்டைக்குள் இறுக்கி அடித்தான். நட்டுக்குத் தட்டு இல்லாததால் இரும்புப் பட்டையில் பற்றவைத்துக் காலின் பின்னால் பதிக்க வேண்டியிருந்தது. இந்த முறை எதையும் தள்ளிப்போட அவனுக்கு நாள் இல்லை. புதுத் திருகு சுற்றும்போது கீச்சிட்டது. எண்ணெய் விட்டாலும் கீச்சிட்டது. ஆனால் பிடித்தது.

ஜன்னல் கதவுகள் சொன்ன தேதிக்கு நான்கு நாள் தள்ளித்தான் போய்ச் சேர்ந்தன. துபாய்க்காரர் முணுமுணுத்தார், ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தார், மாடிக்கு ஒரு அலமாரி வேண்டும் என்றார்.

பூமாலை இரண்டு மாதமாகப் போன் செய்யவில்லை. அறுவடை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் பட்டறை வாசலில் வந்து நின்றாள். கையில் காம்பு முறிந்த மண்வெட்டியும், புதுசாக வெட்டிய கருவேலங்கொம்பும்.

"இதுக்குப் பிடி போட்டுத் தா" என்றாள்.

ராயப்பன் கொம்பைத் தாடைக்கு நடுவே வைத்து, குனிந்து முளையை மாற்றிச் செருகி, கைப்பிடியைச் சுற்றினான். கீச்சிட்டுக்கொண்டே கவ்வியது. பூமாலை கொம்பின் முனையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"இதுக்குத்தானாடா அவ்ளோ கூத்து?"

"இதுக்குத்தான்."

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிரபாவதி டீ வாங்கப் போனாள். ராயப்பன் இடது கையைக் கொம்பின்மேல் லேசாக வைத்துக்கொண்டு செதுக்க ஆரம்பித்தான். "தலைப்பக்கம் ரொம்ப ஒல்லியாக்கிடாத" என்றாள் பூமாலை.